கன்வர்ட்டரைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த கடைக்குப் போயிருந்தேன். புதிதாக வந்த ஒரு பெரிய லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். டெலிகன்வர்ட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன லீவர். கட்டைவிரலால் தள்ளினால் தூரத்தில் இருப்பது கிட்டே வருகிறது, திருப்பித் தள்ளினால் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. நான் அதை ஏழெட்டு முறை தள்ளிப் பார்த்தேன்.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சரண்யா சிரித்தாள். "அக்கா, அப்போ நீங்கல்லாம் கன்வர்ட்டரக் கையாலயே கழட்டிக் கழட்டி மாட்டுவீங்களா? ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அதனாலதான் மணிக்கட்டு போச்சு. அத எழுதுங்கக்கா. நாங்க படிச்சிட்டு லீவருக்கு மாலை போடுறோம்."

சரண்யா விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு எழுதலாம் என்று தோன்றிவிட்டது.

மும்பை செம்பூரில் கேமரா, லென்ஸ் வாடகைக்கு விடும் அந்தக் கடையின் டெஸ்ட் பெஞ்சில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். வெளியே போகிற ஒவ்வொரு லென்ஸும் என் கையைத் தாண்டித்தான் போகும், திரும்பி வந்ததும் என் கைக்குத்தான் வரும். நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ளவற்றை ஒரு நாளைக்கு இருபது முறை தூக்கியதில் இடது மணிக்கட்டு தகராறு செய்ய ஆரம்பித்தது. இனி எடை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறேன். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தில் இதை ஒருவரும் நம்பவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறேன் என்பதுதான் பொதுவான முடிவு.

படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. சேர்ந்த முதல் ஆறு மாதம் லென்ஸ் மூடிகளைத் துடைத்து, எண் ஒட்டி, பெட்டிக்குள் எது எந்தக் குழியில் உட்காரும் என்று மனப்பாடம் செய்தேன். அதற்கு மேல் அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

கன்வர்ட்டரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது உள்ளங்கை அளவுள்ள ஒரு குழாய், உள்ளே கண்ணாடிகள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். இரண்டு வகை வைத்திருந்தோம். ஒன்று, 'ஒன்-ஃபோர்'. படத்தை ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக்கும், பதிலுக்குப் பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, 'டூ-எக்ஸ்'. இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு, வெளிச்சத்தில் கால் பங்கை மட்டும் மிச்சம் வைக்கும்.

எங்கள் மேனேஜர் ராமநாதன் சார் இதை வாடிக்கையாளர்களுக்கு ஒரே வரியில் சொல்வார்: "மூக்குக்கண்ணாடிக்கு மேல இன்னொரு மூக்குக்கண்ணாடி. எழுத்து பெரிசாகும், ரூம் இருட்டும்."

சார் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்துவிட்டு இங்கே வந்தவர். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒரு போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. பேரன் பிறந்தநாளுக்குக்கூட என்னிடம்தான் போனைக் கொடுத்தார். ஆனால் எந்த லென்ஸ் எந்தக் கேமராவோடு சண்டை போடும் என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று சொல்லவே மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவது கேள்விக்குள் அவர்களே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள்.

பறவை படம் எடுக்கும் பெரியவர் ஒருவர், இரண்டு டூ-எக்ஸ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டித் தரச் சொன்னார். ரெண்டும் ரெண்டும் நாலு மடங்கு என்பது அவர் கணக்கு.

"பேஷா. எத்தனை மணிக்கு எடுக்கறேள்?"

"விடியற்காலைல."

"பட்சி உக்காந்துண்டு இருக்குமா, பறக்குமா?"

"பறக்கும்."

"பதினாறுல ஒரு பங்கு வெளிச்சத்துல பறக்கற பட்சியை நிறுத்தி வைக்க யாரைக் கூட்டிண்டு போறேள்?"

பெரியவர் ஒன்-ஃபோரை எடுத்துக்கொண்டு போனார்.

பெஞ்சில் எனக்கு ஒரு வரிசை உண்டு. டார்ச் அடித்து லென்ஸின் பின்கண்ணாடியைப் பார்ப்பது முதல் வேலை. கன்வர்ட்டரின் முன்பக்கம் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது உள்ளே போகிற அளவுக்கு லென்ஸின் பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. இடமில்லாத லென்ஸில் அழுத்தித் திருகினால் கண்ணாடியும் கண்ணாடியும் உரசும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும். மூன்றாவது, ஜோடி பார்ப்பது.

இந்த ஜோடி விஷயம் இப்போதைய கேமராக்களில் இல்லை, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைய கேமராக்களில் கண்துளை வழியாகப் பார்த்து எடுக்கும்போது, ஃபோகஸை அளக்கத் தனியாக ஒரு பாகம் உள்ளே இருந்தது. ஒவ்வொரு கன்வர்ட்டரிலும் இம்மியளவு வித்தியாசம் இருக்கும், அது அந்த அளவைத் தப்பாக்கும். எவ்வளவு தப்பு என்று பார்த்து, அதற்கான திருத்தத்தைக் கேமராவுக்குள் பதிந்து வைப்போம். ஆனால் எங்கள் கேமராக்களுக்கு 'டூ-எக்ஸ் மாட்டியிருக்கிறது' என்பது வரைதான் தெரியும், எந்த டூ-எக்ஸ் என்று தெரியாது. ஆகவே கேமரா, லென்ஸ், கன்வர்ட்டர் மூன்றும் எப்போதும் ஒன்றாகவே போக வேண்டும். எங்களிடம் அப்படி இரண்டு டூ-எக்ஸ் செட் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி, இன்னொன்றுக்கு நீலம். கன்வர்ட்டரின் தொடர் எண்ணும் பதிவேட்டில் இருக்கும்.

நான்காவது, போர்டு படிப்பது. கடை மாடி ஜன்னலிலிருந்து, மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் டிஃபன் ஹோட்டலின் போர்டு தெரியும். அதன் கடைசி வரி பொடி எழுத்து: 'போண்டா மூன்று மணிக்கு மேல்'. கண்துளை வழியாகப் பார்த்து ஒரு படம் எடுக்க வேண்டும், அந்தப் படத்தில் கடைசி வரியைப் படிக்க முடிந்தால் செட் வெளியே போகலாம். போண்டா ஐந்து நிமிடம் முன்னால் வந்தாலும் செம்பூர்க்காரர் எவருக்கும் முன்பே எங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஆயுத பூஜையன்று கடையில் உள்ள அத்தனை சாமானையும் பெஞ்சில் வாழை இலை விரித்து அடுக்குவோம். பொட்டு வைப்பது சார். கண்ணாடியில் படாமல், உலோகத்தில் மட்டும், தீக்குச்சி முனையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் துடைப்பது என் வேலை. அந்த வருடம் சந்தனம் காய்ந்து பள்ளங்களில் இறுகிவிட்டது. ஈரத்துணிக்கு வரவில்லை. என் பையில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் இருந்தது. பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், குங்குமம் சுத்தமாக வந்தது. கூடவே சிவப்புப் புள்ளியும் வந்தது, நீலப் புள்ளியும் வந்தது.

ஒரு மாதிரியான இரண்டு கறுப்புக் குழாய்கள் முன்னால் இருந்தன. பதிவேடு இரண்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. இலையில் இடப்பக்கம் இருந்தது சிவப்பு என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படியே புள்ளி வைத்துப் பெட்டியில் போட்டேன். பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. பட்டியல் தலைக்குள்ளேயே இருக்கிறது என்று ஒருநாள் நினைத்துவிடுவோம்.

டூ-எக்ஸ் அடிக்கடி போகாது. ஒரு மாதத்துக்கு மேல் இரண்டும் பெட்டியிலேயே கிடந்தன. பிறகு சிவப்பு செட் கேட்டு இசக்கி அண்ணாச்சி வந்தார்.

அண்ணாச்சி தாராவியில் கல்யாண போட்டோகிராபர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், எங்கள் குடும்பத்தைப் போலவே. ஆனால் அன்றைக்கு அவர் வந்தது கல்யாணத்துக்காக இல்லை.

"எம் மருமவ முத்து இருக்கால்லா, எங்கக்கா மவ. கடல்ல நீந்துதா. இந்த ஞாயித்துக்கிழமை போட்டி. அடுத்த மாசம் வெளியூர்ல பத்துக் கிலோமீட்டர் நீச்சலு. அதுக்கு ஃபாரத்துல தாயோ தகப்பனோ கையெழுத்துப் போடணும். தகப்பன் இல்ல. எங்கக்கா போட மாட்டேங்கா."

"ஏன் அண்ணாச்சி?"

"போன வருசம் கரையில வந்து நின்னா. ஒரே மாதிரித் தொப்பி போட்டு எட்டுத் தல தெரியுது. எது எம்புள்ளன்னு கேக்கா. எனக்கும் தெரியல. ரெண்டு மணி நேரம் எட்டுத் தலைக்கும் அழுதா. அதுக்கப்புறம் கடல் பக்கமே வாரதில்ல. 'நடுக்கடல்ல எம்புள்ள மூஞ்சிய எனக்குக் காட்டு, கையெழுத்துப் போடுதேன்'னுட்டா. அதான் இந்தப் பீரங்கியக் கேட்டு வந்தேன்."

ஃபாரம் அனுப்பக் கடைசி நாள், போட்டி முடிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை.

எனக்கு அந்த அக்காவைப் பிடித்துவிட்டது. அண்ணாச்சிக்கு நன்றாகக் காட்ட வேண்டும் என்று, கேமராவின் பின்பக்கத் திரையைப் போட்டு போர்டைக் காட்டினேன். இருவரும் சேர்ந்து படித்தோம். போண்டா, மூன்று மணி, எல்லாம் முத்து முத்தாக இருந்தது. அண்ணாச்சி, "ஏ, ஈ உக்காந்திருக்கது தெரியுதுல்லா!" என்றார்.

திரையில் பார்க்கும்போது கேமரா அந்தத் தனிப் பாகத்தைப் பயன்படுத்தாது. படம் விழும் இடத்திலேயே ஃபோகஸ் பார்க்கும். எந்தக் கன்வர்ட்டர் மாட்டினாலும் சரியாகத்தான் வரும். அதனால்தான் சாரின் விதி கண்துளை என்று சொல்கிறது. அன்றைக்கு வந்தவரைச் சந்தோஷப்படுத்தினேன், சோதனை செய்யவில்லை.

ஞாயிறு மதியம் அண்ணாச்சி வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கேமராவை மேஜையில் வைத்தார்.

"அலை ஒவ்வொரு துளியா எண்ணலாம்மா. எம் மருமவ மூஞ்சி மட்டும் தயிரக் கலக்குன மாதிரி இருக்கு. நாப்பது படம். நாப்பதுலயும் தயிருதான்."

பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் அந்தப் பெண்ணுக்கு வெகுமுன்னால் இருந்த அலை கூர்மையாக இருந்தது.

"அக்கா பார்த்தாங்களா?"

"பாத்தா. 'இது யாரு மூஞ்சி வேணாலும் இருக்கலாம்'னா. ஃபாரத்த மடிச்சு அரிசி டின்னுக்கு அடியில வச்சிட்டா."

ராமநாதன் சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. செட்டை ஜன்னலில் வைக்கச் சொன்னார். "கண்ணை வெச்சுப் பார்த்து எடு." எடுத்தேன். போர்டின் கடைசி வரி கரைந்திருந்தது. ஹோட்டலுக்கு முன்னால் நின்ற ஆட்டோவின் நம்பர் பிளேட் பளிச்சென்று இருந்தது. "நீலத்தைக் கொண்டா." நீலப் புள்ளி வைத்ததை மாட்டி எடுத்தேன். போண்டா வந்துவிட்டது.

சார் பதிவேட்டை எடுத்து, இரண்டு தொடர் எண்களின் மேலும் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "ஜோடி மாறிப்போயிருக்கு. எப்போலேர்ந்து?"

"ஆயுத பூஜைலேர்ந்து, சார். நான்தான் மாத்தினேன்." பஞ்சு, திரவம், இடப்பக்கம், திரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொட்டு வெச்சது நான், அழிச்சது நீ. ஸ்வாமிக்குத்தான் ஒண்ணும் தெரியாது." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். "மறுபடியும் எப்போ நீந்தறா?"

"அடுத்த ஞாயிறு பயிற்சி இருக்கு, சார். மறுநாளு ஃபாரம் போயாகணும்."

"அன்னிக்குச் செட்டை எடுத்துண்டு போங்கோ. இவளையும் கூட்டிண்டு போங்கோ."

பெஞ்சில் இருப்பவர்கள் வெளியே போவது எங்கள் கடையில் வழக்கமில்லை. தண்டனையா பரிசா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் புள்ளிகளை அழித்து, பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக வைத்து, போர்டைப் பதினொரு முறை படித்தேன். சார் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "போண்டாவே வெறுத்துப் போயிடும், நிறுத்து" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை, நகரின் தென்கோடியில் ஒரு கடல் சுவர். முத்துவின் அம்மா பேச்சியம்மாள் அக்காவை அண்ணாச்சி எப்படியோ அழைத்து வந்துவிட்டார். தாராவியில் தோல் பை தைக்கிறவர். விரல்கள் அவ்வளவு நிதானமாக இருந்தன. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். கைப்பைக்குள் ஃபாரம் இருந்தது. கொண்டுவந்ததே நல்ல அறிகுறி என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார்.

முக்காலியில் லென்ஸை ஏற்றியதும் காவல்காரர் வந்துவிட்டார். "மேடம், யே தோப் ஹை க்யா?"

"தோப் நஹி பையா," என்றார் அண்ணாச்சி. "மா கா ஆங்க் ஹை."

பீரங்கி இல்லையப்பா, அம்மாவின் கண். காவல்காரர் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

சுமார் முந்நூறு மீட்டர் தூரத்தில் எட்டுத் தொப்பிகள் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. எட்டும் ஆரஞ்சு. கூட மூன்று படகுகள். முதலில் கன்வர்ட்டர் இல்லாமல் தேடினேன். டூ-எக்ஸோடு தேடினால் கடலில் தண்ணீரைத்தான் கண்டுபிடிக்க முடியும். தொப்பி எண்ணை அண்ணாச்சி சொல்ல, முத்துவைப் பிடித்துவிட்டேன்.

"அக்கா, வாங்க. இந்தத் துளையில கண்ண வைங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி."

"தெரியும். வைங்க."

வைத்தார். "எவளோ ஒருத்தி போறா. மூஞ்சி சின்னதா இருக்கு. இன்னும் கிட்டக் கொண்டா."

ஒன்-ஃபோரை மாட்டினேன். உப்புக்காற்று உள்ளே போகாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, மூடி, திருகு, க்ளிக். அதற்குள் முத்து எங்கேயோ போய்விட்டாள். மறுபடி தேடினேன். "இன்னும் கிட்ட." ஒன்-ஃபோரைக் கழற்றி டூ-எக்ஸ். மறுபடி தேடல். அண்ணாச்சிக்கு என்னைவிட அதிகமாக வியர்த்தது.

இந்த முறை அக்கா கண்ணை வைத்ததும் மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஏ இசக்கி! எம்புள்ளதாம்ல! மல்லாந்து கெடந்துக்கிட்டு பாட்டில்ல குடிக்கா. யாருகூடயோ சிரிக்கா பாரு! நடுக்கடல்ல வச்சிச் சிரிக்கா! வீட்ல எங்கிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்டா மூதி!"

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மூஞ்சியைக் காட்டச் சொன்னார், காட்டிவிட்டோம். பத்துப் பன்னிரண்டு படங்களும் எடுத்தாயிற்று, அத்தனையும் கூர்மை. அண்ணாச்சி பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுபோயிருந்தது.

"என்னக்கா?"

"சுத்தி ஒண்ணுமே இல்லியே தாயி. நாலு பக்கமும் தண்ணி. நடுவுல எம்புள்ள மட்டும் கெடக்கா. யாருகூடச் சிரிக்கா? தண்ணிகூடயா?"

"படகு இருக்குக்கா. பக்கத்துலயே இருக்கு."

"எங்க? எனக்குத் தெரியலியே."

அவர் சொன்னது சரிதான். டூ-எக்ஸில் பார்க்கும்போது பாதி அகலம் போய்விடும். வெளிச்சம் எவ்வளவு போகும் என்று பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். அகலம் போகும் என்பதும் எனக்குத் தெரியும், டிப்ளமாவில் கணக்கே போட்டிருக்கிறேன். ஆனால் அந்த அகலத்துக்குள் ஒரு படகு இருக்கலாம் என்று அதுவரை யோசித்ததில்லை.

"ஒரு நிமிஷம்க்கா." டூ-எக்ஸைக் கழற்றினேன். லென்ஸை நேராகக் கேமராவில் மாட்டினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை.

அக்கா மறுபடி கண்ணை வைத்தார். முத்து சின்னவளாகிவிட்டாள். அவளுக்கு ஆறேழு மீட்டர் தள்ளிப் படகு, அதில் கயிற்றைக் கையில் பிடித்தபடி கோச் அம்மாள், அவரோடுதான் அந்தச் சிரிப்பு. படகின் ஓரத்தில் ஒரு ஆரஞ்சு மிதவை கட்டியிருந்தது.

"இந்தப் பொம்பள யாரு?"

"கோச்சு," என்றார் அண்ணாச்சி.

"கடைசி வர கூடவே வருவாளா?"

"கரை ஏத்துற வரைக்கும் வருவா."

"பத்துக் கிலோமீட்டருக்கும்?"

"பத்துக்கும்."

"இத முதல்லயே காட்டிருக்கலாம்லா. பெருசா மூஞ்சியக் காட்ட வந்துட்டான்."

லென்ஸ் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் ஃபாரத்தை விரித்து, தையல் போடுகிற நிதானத்தோடு தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபடி துளையில் கண்ணை வைத்துக்கொண்டார். பயிற்சி முடியும் வரை அண்ணாச்சிக்கு அந்தக் கேமரா கிடைக்கவில்லை.

மறுநாள் பெஞ்சில் செட்டைத் திரும்ப வாங்கும்போது, பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'டூ-எக்ஸ் பாதியில் கழற்றப்பட்டது' என்று எழுதினேன். சார் பென்சிலைக் காதில் செருகியபடி படித்தார்.

"ஏன் கழட்டினே? ஃபோகஸ் சரியில்லையா?"

"ஃபோகஸ் நல்லாதான் இருந்தது, சார். படகு தெரியல."

சார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு என் வரிக்கு அடியில் தன் கையெழுத்திலேயே 'காரணம்: படகு' என்று எழுதி, தேதி போட்டார். அன்றிலிருந்து டூ-எக்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் கேள்விகள் நாலாகிவிட்டன.

சரண்யா, அந்த நாலாவது கேள்வி இதுதான்: "பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியணுமா?" தெரிய வேண்டும் என்று வந்தவர் சொன்னால், லீவரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று உனக்கே தெரியும்.